நலமுள்ள பன்றியின் திசுக்கள் நமக்குச் சொல்வது என்ன?

டயாலிசிஸ் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தினர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர்: “பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்திவிட்டார்களாமே டாக்டர், நமக்கு அது எப்போது கிடைக்கும்?” பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வாரத்திற்கு இரண்டு, மூன்று முறை பேருந்தேறி வருபவர்கள் வாழ்வில் இது சாதாரணக் கேள்வியன்று. இதற்கு நேர்மையான விடை கூற வேண்டுமானால், அறுவை அரங்கிற்கு வெளியே நடக்கும் ஓர் ஆய்வை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நலமுள்ள பன்றியின் ஒவ்வோர் உறுப்பிலும் எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்பதைக் கணக்கெடுக்கும் ஆய்வு அது.

ஒரே தொகுப்பு, வெவ்வேறு பக்கங்கள்

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் உள்ளது. புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் அதில் சுமார் 20,000. ஆயினும் இதயம் துடிக்கிறது. கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. சிறுநீரகம் கழிவை வடிகட்டுகிறது. மாவட்ட ஆட்சியர் வளாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா அலுவலகங்களிலும் ஒரே அரசாணைத் தொகுப்பு இருந்தாலும், வருவாய்த் துறையினர் புரட்டும் பக்கங்கள் வேறு, வேளாண் துறையினர் புரட்டும் பக்கங்கள் வேறு. திசுக்களும் அவ்வாறே. தனக்குரிய பக்கங்களை மட்டும் ஒவ்வொரு திசுவும் ‘ஆர்.என்.ஏ.’ என்னும் நகலாக எடுத்துப் பயன்படுத்துகிறது. அந்த நகல்களின் அளவைக் கணக்கிட்டால், எந்த மரபணு எங்கே, எவ்வளவு செயல்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

இதன் பயனை நீங்கள் ஏற்கெனவே கண்டிருக்கிறீர்கள். நெஞ்சுவலியுடன் வருபவருக்கு ‘ட்ரோபோனின்’ பரிசோதனை செய்கிறோம். அதில் அளக்கப்படும் புரதத்திற்கான மரபணு இதயத் தசையில்தான் பெருமளவில் செயல்படுகிறது. ஆகவே அப்புரதம் இரத்தத்தில் உயர்ந்தால், பாதிப்பு இதயத்தில் என்று உணர்கிறோம். எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ‘எரித்ரோபாய்ட்டின்’ சிறுநீரகத்தில் உருவாவது. சிறுநீரகம் செயலிழக்கும்போது இரத்தசோகை ஏற்படுவதும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இ.பி.ஓ. ஊசி போடப்படுவதும் இதனால்தான்.

ஏன் பன்றி? ஏன் நலமுள்ள பன்றி?

நோயை அறிய, முதலில் நலத்தை அறிந்தாக வேண்டும். இயல்பான அளவு தெரியாமல், கூடியது எது, குறைந்தது எது என்று கூற இயலாது. ஆனால் நலமுடன் இருக்கும் மனிதரின் இதயத்திலிருந்தோ மூளையிலிருந்தோ ஆய்வுக்காகத் திசுவை எடுக்க முடியாது. 2010-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மனிதத் திசு ஆய்வு, இறந்தவர்களின் குடும்பத்தினர் மனமுவந்து அளித்த திசுக்களையே பயன்படுத்தியது. இறப்புக்குப் பின் ஆர்.என்.ஏ. நகல்கள் சிதையத் தொடங்கிவிடும் என்பது அதிலுள்ள இடர்ப்பாடு.

இந்த இடைவெளியை நிரப்பப் பன்றி உதவுகிறது. அதன் இதயமும் சிறுநீரகமும் அளவிலும் அமைப்பிலும் நம்முடையவற்றை ஒத்தவை. பன்றியின் இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் அமினோ அமிலம். அதனால்தான் பல்லாண்டுக் காலம் நீரிழிவு நோயாளிகளுக்குப் பன்றி இன்சுலின் பயன்பட்டது. டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்கச் செலுத்தப்படும் ஹெப்பாரின் மருந்தும் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

பன்றியின் முழு மரபணுத் தொகுப்பு 2012-இல் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிறுவன அறிஞர்கள், 62 வகைத் திசுக்களிலும் உயிரணுக்களிலும் மரபணுச் செயல்பாட்டை அளந்து ஒரு வரைபடம் தந்தனர். 2022-இல் ஸ்வீடன் அறிஞர்கள் முன்னின்று அதனை 98 திசுக்களுக்கு விரிவாக்கினர். மனித வரைபடத்தோடு ஒப்பிடும்போது பெரும்பகுதி ஒத்திருக்கிறது. சில இடங்கள் வேறுபடுகின்றன. உறுப்பு மாற்றைப் பொறுத்தவரை, அந்த வேறுபாடுகளே உயிரைத் தீர்மானிப்பவை.

வேறுபாடு எங்கே இடறுகிறது?

பன்றியின் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒரு மரபணு செயல்பட்டு, ‘ஆல்ஃபா-கேல்’ என்னும் சர்க்கரைப் பொருளை உருவாக்குகிறது. மனித இனத்தில் அம்மரபணு செயலிழந்துவிட்டது. நம் இரத்தத்திலோ அச்சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் எப்போதும் உள்ளன. ஆகவே மாற்றம் செய்யப்படாத பன்றி உறுப்பைப் பொருத்தினால், சில நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ உடல் அதனை அழிக்கத் தொடங்கும். 1997-இல் அசாமில் டாக்டர் தனிராம் பரூவா ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். நோயாளி ஏழு நாள்களில் இறந்தார். மருத்துவர் கைது செய்யப்பட்டார். அச்சர்க்கரையை உருவாக்கும் மரபணு நீக்கப்பட்ட பன்றிகள் பிறந்ததோ 2002-ஆம் ஆண்டளவில்தான்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒருவருக்குப் பொருத்தப்பட்ட பன்றி இதயத்தில் 10 மரபணு மாற்றங்கள் இருந்தன. நான்கு பன்றி மரபணுக்கள் முடக்கப்பட்டு, ஆறு மனித மரபணுக்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அந்நோயாளி சுமார் இரண்டு மாதம் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டன் நகரில் 69 மாற்றங்கள் கொண்ட பன்றிச் சிறுநீரகம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவரும் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் காலமானார். பின்னர் அமெரிக்காவிலேயே வேறொரு பெண்மணிக்குப் பொருத்தப்பட்ட சிறுநீரகம் 130 நாள்கள் இயங்கியபின் அகற்றப்பட்டது.

மனித மரபணுவைச் சேர்த்தால் மட்டும் போதாது. உரிய திசுவில், உரிய அளவில் அது செயல்பட வேண்டும். இரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் மரபணு, குழாய்களின் உட்சுவரில் செயல்படாவிட்டால் புதிய உறுப்பு அடைபட்டுப்போகும். இதனைச் சரிபார்க்க, நலமுள்ள பன்றியின் திசு வரைபடமே அளவுகோல்.

ஆகவே நம் கேள்விக்கு விடை

பன்றிச் சிறுநீரகம் இன்று ஆய்வு நிலையில்தான் உள்ளது. 2025-இல்தான் அமெரிக்காவில் முறையான மருத்துவ ஆய்வுகளுக்கே அனுமதி கிடைத்தது. அது வரும் என்று நம்புவதில் தவறில்லை. அதை நம்பி இன்றைய சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து. எனவே, பின்வருவனவற்றை மனத்திற்கொள்ளுங்கள்:

• டயாலிசிஸை ஒரு முறைகூடத் தவறவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சைக்கு இடமுண்டு. அட்டை இல்லாதவர்கள் காப்பீட்டுப் பிரிவை அணுகுங்கள்.

• மாற்றுச் சிறுநீரகம் உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நெருங்கிய உறவினர் தானமளிக்கலாம். அல்லது உறுப்பு மாற்று மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவைத் தாமதிக்க வேண்டாம்.

• விலங்கிலிருந்து பெறப்பட்ட மருந்துகளைச் சமய நம்பிக்கையின் பொருட்டு ஏற்கத் தயங்குபவர்கள், அதனைத் தயக்கமின்றி முன்கூட்டியே தெரிவியுங்கள். மாற்று வழி உண்டா என்று பார்ப்பதும், இல்லையெனில் விளக்குவதும் எங்கள் கடமை. சொல்லாமல் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

• குடும்பத்தில் உள்ள நலமானவர்கள் உறுப்பு தானம் குறித்து வீட்டில் பேசி வையுங்கள். மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது.

பன்றியின் திசுக்களை அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், நம் மாவட்டத்து நோயாளிக்கு நீடித்த வாழ்வு தரக்கூடிய சிறுநீரகம் இன்னொரு மனிதரிடமிருந்தே வர முடியும்.