முடிச்சில் எழும் மலர்

சோமனூர் விசைத்தறிக் கூடங்களில் பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்த வேண்டும். நெசவாளர் அறுந்த இரு முனைகளையும் விரலிடையே பற்றி, இமைப்பொழுதில் முடிச்சிட்டுத் தறியை மீண்டும் ஓட்டுகிறார். நூலை ஏற்றியிறக்கும் விழுதின் கண்ணிலும் நூல்களைப் பிரிக்கும் அச்சின் இடுக்கிலும் தடையின்றி நுழையும் அச்சிறு முடிச்சு, அந்நூல்மேல் விழும் இழுவை முழுவதையும் தாங்குகிறது. முடிச்சுகளாலேயே ஆனதால், மணிக்கட்டில் இளையோர் அணியும் நட்புக் கயிற்றை நெசவின் தங்கை என்றே சொல்வேன். அதன் நடுவே இதழ் விரித்து எழும் நூல் மலரோ வடிவியலின் அரிய விளைவு.

முதலில் முடிச்சு. ஒரு நூல் இன்னொன்றைச் சுற்றுகையில் அதன் பிடிப்பு கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளர்கிறது. உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டால், தூணைச் சுற்றிய கயிற்றின் ஒரு முழுச் சுற்று, மறுமுனையைப் பிடிக்கும் விசையைப்போல் ஏறத்தாழ 6.6 மடங்கு இழுவிசையைத் தாங்கும். இரு சுற்று 43 மடங்கு. மூன்று சுற்று 286 மடங்கு. மெல்லிய நூலுக்கு இவ்வெண்கள் அப்படியே பொருந்தா எனினும் போக்கு இதுவே. பருத்தி இழையின் இயல்பும் துணை நிற்கிறது: காய் வெடித்து உலரும்போது அது தட்டையாகித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது.

நட்புக் கயிற்றில் ஒவ்வொரு முடிச்சும் இருமுறை இடப்படுவது. முடையும் நூலை நான்கு என்னும் எண்ணின் வடிவில் தாங்கு நூலின்மீது மடித்து, அடியில் வாங்கி, மேல்நோக்கி இறுக்குவர். உடனே அதே திசையில் இன்னொன்று. ஒற்றைச் சுற்று உருண்டு நழுவும். இரண்டாவதே அதைப் பூட்டுகிறது. 2020-இல் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் விசால் பாட்டீல், யோர்ன் டங்கல் குழுவினர், இழுக்கும்போது நிறம் மாறும் இழைகளால் முடிச்சிட்டு ஆராய்ந்தனர். நூல்கள் குறுக்கிடும் எண்ணிக்கையோடு, அவ்விடங்களில் முறுக்கு எதிரெதிராக அமைவதும் முடிச்சின் உறுதிக்குக் காரணம் எனக் கண்டனர்.

இனி மலர். தட்டையான வட்டமொன்றின் ஆரம் 7 மில்லிமீட்டர் எனில் சுற்றளவு 44. முடிச்சுகளைக் குறைத்து விளிம்பை 36 ஆக்கினால் பரப்பு கிண்ணமாகக் குழிகிறது. முடிச்சுகளைக் கூட்டி 60 ஆக்கினால், மிகுந்த நீளம் தளத்துள் அடங்காமல் மேலும் கீழுமாக நெளிந்து எழுகிறது. பரப்பின் வளைவு அதன்மேல் அளந்த நீளங்களாலேயே உறுதியாகும் என்று கணிதவியலர் காஸ் 1827-இல் நிறுவியது இதுவே. ஆகவே இதழ் முடைபவர் அடியில் முடிச்சுகளைச் சுருக்கி, ஓரத்தில் பெருக்க வேண்டும். கையால் இழுத்து வளைத்த இதழ் விட்டவுடன் படுத்துவிடும். நீளக் கணக்கால் எழுந்தது தானே நிற்கும்.

செடியும் இவ்வழியே செல்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற எல். மகாதேவன், ஹாயி லியாங்குடன் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், லில்லி மொட்டின் இதழ் ஓரம் நடுப்பகுதியைவிட மிகுதியாக வளர்வதே மலர்ச்சியின் விசை எனக் காட்டினார்.

நூலுக்கு வளர்ச்சி இல்லை, கஞ்சி உண்டு. பாவுக்கு ஏற்றும் அதே மாவுக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து இதழில் தடவலாம். ஈரம் செல்லுலோசு மூலக்கூறுகளிடையே உள்ள நீரியப் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. உலரும்போது அவை இதழ் வளைந்த நிலையிலேயே மீண்டும் பிணைகின்றன.