மாத்திரையைப் பங்கு போடாதீர்கள்!

"ஏனுங்க்கா, மூணு மாத்திரையும் ஒரே தடவையா முழுங்குனா வயித்தப் பொரட்டுதுங். கம்பெனியில மெஷின் முன்னால உக்காரவே முடியறதில்லீங். அதான் காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு பிரிச்சுக்கிட்டேன். எப்படியும் மூணும் உள்ள போயிடுதில்லீங்?"

கேட்டவள் எங்கள் காம்பவுண்டுப் பின்வீட்டுக்காரி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறாள். காலை எட்டரைக்குப் போனால் ஒண்ணரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வீடு. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. காசநோய் என்று தெரிந்து, அரசாங்க மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கணக்கு சரிதானே என்று எனக்கும் முதலில் பட்டது. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் சென்னையிலேயே என்றைக்கோ பதில் கண்டுபிடித்துவிட்டார்கள்!

சேத்துப்பட்டில் இருக்கிறதே தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அது 1956-ல் காசநோய் மருந்து சிகிச்சை மையமாகத் தொடங்கியது. இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்கள், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம் நான்கும் சேர்ந்து ஆரம்பித்தன. தலைமை ஏற்றவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். நெருக்கடியான வீட்டில், ஏழைச் சாப்பாட்டோடு இருந்தாலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சானடோரியத்தில் போல வீட்டிலேயே குணமாகும் என்று 1959-ல் காட்டியவர்கள் இவர்கள்தான். நோயாளி மருந்து சாப்பிட்டாரா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் சோதனைகூடச் செய்தார்களாம். மாமியார் தோற்றாள்!

நமக்கு வேண்டியது 1960-ல் வெளிவந்த அடுத்த ஆராய்ச்சி. ஐசோனியஸிட் என்ற மருந்தை ஒரு பிரிவினருக்கு தினம் 400 மில்லிகிராம் ஒரே வேளையாகக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதே 400-ஐ இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மருந்தும் ஒன்று, அளவும் ஒன்று. ஆனால் ஒரே வேளையாகச் சாப்பிட்டவர்களுக்கே நன்றாகக் குணம் தெரிந்தது.

ஏன் அப்படி? மூன்று விறகையும் சேர்த்து எரித்தால் உலை கொதிக்கும். வேளைக்கு ஒரு விறகாக எரித்தால், மூன்றும் சாம்பலான பிறகும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். முழு மருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே போனால்தான் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு ஏறும். காசநோய்க் கிருமிக்கு அந்த உச்சம்தான் அடி. வெதுவெதுப்பில் தப்பிய கிருமி, பிறகு மருந்துக்கே மசியாமல் பெருகக்கூடும்.

இந்த மருந்தைச் சிலர் உடம்பு சீக்கிரம் செலவழித்துவிடும். சிலர் உடம்பு நிதானமாகச் செலவழிக்கும். பிறவிக்குணம்! வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது சீக்கிரக்காரர்களுக்குப் பலன் குறைந்ததையும் சென்னையில்தான் கண்டார்கள். தினசரி சாப்பிட்டால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. இன்று ஐசோனியஸிட்டோடு இன்னும் மூன்று மருந்தைச் சேர்த்து ஒரே மாத்திரையாக, எடைக்குத் தகுந்தபடி எத்தனை என்று கணக்கிட்டு, தினமும் சாப்பிடச் சொல்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லா மருந்தையும் ஒரே வாயில் போட்டுவிடாதீர்கள், அம்மா! காது வலிக்கும் சளிக்கும் குழந்தைக்குக் கொடுக்கிற அமாக்ஸிஸிலின் சிரப் வேறு ரகம். அதற்கு உச்சம் முக்கியமில்லை. ரத்தத்தில் போதிய அளவு எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே முக்கியம். உலை கொதித்தால் போதாது, அடுப்பு அணையாமலும் இருக்க வேண்டும். டாக்டர் மூன்று வேளை என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய எட்டு மணிக்கு ஒருமுறை. அம்மா ஷிப்டுக்குப் போகிற வீட்டில் மத்தியான வேளைதான் தவறும். பாட்டியிடம் விட்டுப் போகிறவர்கள் நேரத்தைத் தினசரிக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். ஒரு வேளை தவறியதற்காக அடுத்த வேளை இரட்டிப்பாக ஊற்றவும் கூடாது.

பின்வீட்டுக்காரியை மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். குமட்டலைச் சொல்லாமல் மறைத்திருக்கிறாள், பைத்தியம்! வெறும் வயிற்றில் சாப்பிட்டால் மருந்து நன்றாக ஏறும். தாங்க முடியாவிட்டால் கொஞ்சம் ஆகாரத்துக்குப் பிறகு சாப்பிடலாம், ஆனால் பிரிக்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஜெலுசில் மாதிரி மருந்தைக் கூடவே குடித்தால் ஐசோனியஸிட் சரியாக ஏறாது. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே வரவேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயமில்லை, அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம்.

கிளம்பும்போது டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, "கர்ப்பத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிடறியாம்மா?" என்று கேட்டார். இவள் தலையைக் குனிந்தாள். ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கிவிட்டு, அந்த மாத்திரையைச் சீக்கிரமே செலவழிக்க வைத்துவிடுமாம். வேறு வழி எழுதிக் கொடுத்தார். குழந்தையையும் தூக்கி வரச் சொன்னார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நோய் இல்லையென்றாலும் தடுப்பு மருந்து உண்டு.

இப்போது காலை ஐந்தரைக்கு அவள் வீட்டில் விளக்கு எரியும். மூன்று மாத்திரை, ஒரு சொம்பு தண்ணீர். பிறகு கோலம் போட்டு, சமைத்து, குழந்தையை எழுப்பி, ஏழரைக்கு இட்லி. எட்டு மணிக்குக் கம்பெனி வண்டி.