அணுகுண்டையே தாங்கிய மரம்.. ஆனா ஒரு ராத்திரி பனி போதும்! வசந்தத்தில் போன்சாய் மரங்களுக்கு என்ன ஆபத்து?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய மரப் பூங்காவில் ஒரு வெள்ளை பைன் மரம் இருக்கிறது. 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்க்கப்படும் போன்சாய் அது. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்தது. உயரமான சுவர் ஒன்று மறைத்ததால் தப்பியது. 1976ல் அமெரிக்காவுக்கு ஜப்பான் பரிசாகக் கொடுத்த 53 போன்சாய்களில் இதுவும் ஒன்று. அது ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்பதே, 2001ல் யமாகியின் பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிய வந்தது.

இப்படி தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் மரங்களைப் பராமரிப்பவர்கள் அதிகம் கவலைப்படுவது கடும் குளிர்காலத்தைப் பார்த்து அல்ல. அது முடிந்து வரும் வசந்தத்தைப் பார்த்துதான். ஏன்?

பசுமைக்குடில் எதற்கு?

குளிர் நாட்டு மரங்களுக்குக் குளிர்கால ஓய்வு அவசியம். ஆனால் தரையில் நிற்கும் மரத்தின் வேரை மண் பாதுகாக்கும். தொட்டியில் இருக்கும் வேருக்கு நாலு பக்கமும் குளிர் தாக்கும். கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. அதனால்தான் குளிர்காலத்தில் பல போன்சாய்களைப் பசுமைக்குடிலுக்குள் வைக்கிறார்கள். சூடாக வைப்பதற்கு அல்ல, 0 முதல் 5 டிகிரி வரை குளிரை ஒரே சீராக வைப்பதற்கு.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

பிப்ரவரி கடைசி, மார்ச் மாதங்களில் வெயில் ஏறும். வெளியே குளிர் இருந்தாலும், கண்ணாடிக்குள் பகலில் வெப்பம் சட்டென்று கூடிவிடும். 'வசந்தம் வந்துடுச்சு' என்று மரம் ஏமாந்து துளிர் விடும். ஆனால் வாஷிங்டனில் ஏப்ரல் மாதத்தில்கூட இரவில் உறைபனி விழ வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் மரம் வெளியே இருந்தால் இளந்துளிர் ஒரே இரவில் கருகிவிடும். மறுபடி துளிர்க்க, சேமித்து வைத்த சத்தைத்தான் மரம் செலவழிக்க வேண்டும். காட்டு மரத்துக்கு அந்தச் சேமிப்பு நிறைய. ஒரு கையளவு வேர் உள்ள போன்சாய்க்குக் கொஞ்சம்தான்.

அதனால் வெயில் வந்ததும் முதல் வேலை, குடிலின் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுவது, தேவைப்பட்டால் நிழல்வலை போடுவது. மரத்தை எழுப்புவது அல்ல, கொஞ்சம் தாமதமாக எழ வைப்பதுதான் குறிக்கோள்.

தொட்டி மாற்ற எப்போது சரியான நேரம்?

சில ஆண்டுகளில் வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி நிறைந்துவிடும். தண்ணீர் இறங்காது, காற்றும் போகாது. அப்போது மரத்தை எடுத்து, வேரில் சுமார் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புது மண்ணில் வைப்பார்கள். மொட்டு உப்பியிருக்க வேண்டும், இலை விரிந்திருக்கக் கூடாது. இலை விரிந்த பிறகு வேரை வெட்டினால், இலை கேட்கும் தண்ணீரை வேரால் கொடுக்க முடியாது.

பல மரங்களுக்கு இந்த இடைவெளி சில வாரங்கள் மட்டுமே. நூறு மரம் இருந்தால் நூறும் ஒரே நேரத்தில் உப்பாது. அதனால் எந்த மரம் முந்துகிறது என்று தினமும் மொட்டைப் பார்க்க வேண்டும். எல்லா மரத்துக்கும் வருடா வருடம் தேவையில்லை. இள மேப்பிளுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, பைனுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், முதிய மரத்துக்கு இன்னும் கூடுதல்.

அதன் பிறகு என்ன செய்வார்கள்?

- மரம் ஆடாமல் இருக்கக் கம்பியால் தொட்டியோடு கட்டுவார்கள். ஆடினால் புது வேர் அறுந்துவிடும்.
- நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு உரம் கிடையாது.
- தண்ணீருக்கு டைம்டேபிள் இல்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவார்கள்.
- இளந்துளிரின் அடியில் அசுவினி, சிலந்திப்பேன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூடிய குடிலில் அவை வேகமாகப் பரவும்.
- வெளியே கொண்டு வருவது படிப்படியாகத்தான். முதலில் மேகமூட்டமான நாளில் சில மணி நேரம். இரவில் பனி எச்சரிக்கை என்றால் மறுபடி உள்ளே.

நம்மூரில் இதெல்லாம் தேவையா?

ஆல், அரசு, இச்சி போன்ற நம்மூர் மரங்களில் செய்த போன்சாய்க்குக் குளிர்கால ஓய்வு தேவையில்லை. ஆனால் ஆசைப்பட்டு வாங்கும் ஜப்பான் மேப்பிள் சென்னை போன்ற ஊரில் நாளடைவில் நலிந்துபோக முக்கியக் காரணம், அதற்கு வேண்டிய குளிர் கிடைக்காததுதான். வாங்கும் முன் அது எந்த ஊர் மரம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.