விண்கலம் கேட்ட ஓசை

சூரியனைச் சூழ்ந்த வெளி வெறும் பாழன்று. மிக ஐதான பொருளொன்று அங்கே பரந்து கிடக்கின்றது. அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து, எஞ்சிய அயன்களோடு கலந்து தனித்தனியே திரியும் அந்நிலைக்குப் பிளாசுமா என்பது பெயர்.

கண்ணாற் காணவியலாத இதன் அடர்த்தியை அளப்பது எங்ஙனம்? வழிகள் பலவற்றுள் இரண்டு இங்கு வேண்டப்படுவன. ஒன்று, விண்கலத்தின் புறத்தே கிண்ணம் போன்ற கருவியை வைத்து, அதிற் புகும் துகள்கள் தரும் மின்னோட்டத்தை அளத்தல். மற்றொன்று, பிளாசுமாவின் ஓசையைக் கேட்டல். இலத்திரன்களைச் சற்றே இடம்பெயர்த்தால் அயன்களின் கவர்ச்சி அவற்றை மீள இழுக்கும். அவையோ நில்லாது அப்பாற் சென்று, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். அடர்த்தி நான்கு மடங்கானால் ஆட்டத்தின் மீடிறன் இரு மடங்காகும். வீணைத் தந்தியின் முறுக்கை அதன் சுருதி காட்டுவது போல, மீடிறன் அடர்த்தியைக் காட்டிவிடும்.

1977 இல் அமெரிக்கா ஏவிய வொயேஜர் 1 இவ்விரு கருவிகளையும் தாங்கிச் சென்றது. 1980 இல் கிண்ணக் கருவி பழுதுற்றது. 2012 ஆகஸ்ட் 25 ஆம் நாள், சூரியனிலிருந்து ஏறக்குறைய 1,800 கோடி கிலோமீற்றருக்கு அப்பால், சூரியப் புறத்துத் துகள்கள் திடீரெனக் குறைந்தன, அண்டக்கதிர்கள் பெருகின. சூரியக் காற்றின் எல்லையைக் கலம் கடந்துவிட்டதோ? காந்தப்புலத்தின் திசை மாறவில்லையே என ஐயுற்றோர் பலர். அடர்த்தியை அளந்தாலன்றி வழக்குத் தீராது. அளக்கவேண்டிய கருவியோ ஓய்ந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

எஞ்சியிருந்தவை ஓசை கேட்கும் 10 மீற்றர் நீள ஏரியல்கள் இரண்டே. ஆயினும் தந்தியை மீட்ட ஒரு விரல் வேண்டுமன்றோ? 2012 மார்ச்சிற் சூரியனில் எழுந்த கொந்தளிப்பின் அதிர்ச்சி, ஓராண்டுக்கு மேற் பயணஞ் செய்து அவ்விடத்தை அடைந்தது. 2013 ஏப்பிரலில் ஏரியல்கள் அதிர்வை உணர்ந்தன. மீடிறன் விநாடிக்கு ஏறக்குறைய 2,600. மனிதச் செவிக்கு எட்டும் சுருதியே அது.

அயோவாப் பல்கலைக்கழகத்து டொனால்ட் கேர்னெற்றும் அவர்தம் குழுவினரும் அதனின்று அடர்த்தியைக் கணித்தனர்: கன சதம மீற்றருக்கு 0.08 இலத்திரன். எல்லைக்கு உட்புறத்து அளவினும் இது சுமார் 40 மடங்கு. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்கு எதிர்பார்த்த அளவும் இதுவே. பழைய பதிவுகளை ஆராய்ந்தபோது, 2012 இன் இறுதியிலும் மெல்லிய அதிர்வொன்று பதிந்திருக்கக் கண்டனர். இரண்டையும் ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கணித்தபோது, கடந்த காலம் அவ்வாகஸ்ட் மாதமே எனத் தெளிந்தது. கண்ணுக்கு எட்டாத எல்லைக்குக் கேள்வியே சான்றாயிற்று.