சுவாமிக்குக் கரண்ட் மேளம் போதுமா?

"நாதஸ்வரக்காரரா நீங்க? அப்ப தில்லானா மோகனாம்பாள் பாட்டு ஒண்ணு வாசிங்க சார்!"

நாற்பது வருஷமாக எனக்குப் பழகிப்போன வரவேற்பு இது. படம் வந்தது 1968-ல். சிவாஜி வாயில் வைத்திருந்த நாதஸ்வரத்துக்கு நிஜமாக வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும். சும்மா சொல்லக்கூடாது, சிவாஜி கன்னத்தை உப்பி, கண்ணைச் செருகி உட்கார்ந்ததைப் பார்த்து எங்க ஆட்களே ஏமாந்து போனாங்க! அந்தப் படத்துக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்தான். ஆனாலும் மனசுக்குள் ஒரு சின்னக் குறை. ஜனங்களுக்கு நாதஸ்வரம் என்றதும் சினிமா ஞாபகம் வருகிறது, அதை விட்டால் கல்யாண மண்டபம். எங்க வாத்தியத்தின் தாய்வீடு கோயில் என்பது மட்டும் யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை.

அந்தத் தாய்வீட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

மறுபடியும் பல் தேய்த்த ஊர்!

காவிரிக்கரையில் ஒரு சின்ன ஊர் என்னுடையது. தாத்தா கோயில் மேளம், அப்பா கோயில் மேளம், அப்புறம் நான். சின்ன வயசில் எங்க வீட்டில் கடிகாரம் கிடையாது. தேவையும் இல்லை. விடிகாலையில் கோயிலிலிருந்து பூபாளமோ பௌளியோ கேட்டால் அம்மா வாசல் தெளிக்கக் கிளம்புவாள். வெயில் ஏறினால் பிலஹரி. உச்சிக்காலத்துக்கு மத்தியமாவதி. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூர்விகல்யாணி. பள்ளியறைக்கு சுவாமி எழுந்தருளும்போது நீலாம்பரி. அதைக் கேட்டுக்கொண்டே நாங்களும் தூங்கிவிடுவோம். அப்பா மட்டும் ஒருநாள் சாயங்காலம் தவறிப்போய்ப் பூபாளம் வாசித்திருந்தால், ஊரே எழுந்து மறுபடியும் பல் தேய்த்திருக்கும்!

உற்சவம் என்றால் மல்லாரி. கம்பீரநாட்டை ராகத்தில் வாசிப்பது. சுவாமி புறப்படும்போது ஒன்று, தேருக்கு ஒன்று, தீர்த்தம் கொண்டுவர ஒன்று, மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் எடுத்துவர ஒன்று என்று தினுசு தினுசாக உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். எங்க தெருப் பசங்களுக்கு மற்ற மல்லாரி எதுவும் பிடிபடாது. தளிகை மல்லாரி மட்டும் தூக்கத்தில்கூடத் தெரியும். புளியோதரை வருதுன்னு அர்த்தமாச்சே!

இந்த மல்லாரியில் ஒரு விசேஷம் பாருங்க. பக்திப் பாட்டு என்றால் அதில் சாமி பேர் வரணும் என்று நினைக்கிறோம். மல்லாரியில் முருகா, சிவா, ரங்கா எதுவும் கிடையாது. சாகித்யமே இல்லை. வெறும் ஸ்வரமும் தாளமும்தான். ஆனால் அது ஆரம்பித்ததும் கோபுர வாசலில் நிற்கிற கூட்டம் தானாகக் கையைக் குவிக்கிறது. வார்த்தை இல்லாத ஒன்று எப்படிங்க தெய்வ சங்கீதம் ஆகிறது?

ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றிய பதில், யாருக்காக வாசிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சபாவில் ரசிகர்களுக்காக வாசிக்கிறேன். எட்டரை மணி ஆனால் முன்வரிசையில் ரெண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தனி ஆவர்த்தனம் வந்தால் பாதிப் பேர் கேண்டீனுக்குப் போய்விடுவார்கள். கோயிலில் அந்தக் கவலையே கிடையாது. எனக்கு எதிரே இருக்கிற ரசிகர் நடுவில் எழுந்து போனதாகச் சரித்திரம் இல்லை. கைதட்டவும் மாட்டார், அது வேறு விஷயம்! ராத்திரிப் புறப்பாட்டில் நாலு வீதியும் சுற்றிவர விடிந்துவிடும். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்க வேறு எந்த மேடை இடம் கொடுக்கும்? விஸ்தாரமான ராக ஆலாபனை நாதஸ்வரத்தில் செழித்ததற்கு இந்த ராத்திரி வீதிகள்தான் காரணம் என்பது எங்க பெரியவர்கள் சொல்லி நான் கேட்டது. வாசித்துப் பார்த்து நானே நம்பியதும்கூட.

இடித்த வீட்டில் பிறக்கிற வாத்தியம்

கும்பகோணம் ஆதி கும்பேஸ்வரர் கோயிலில் கல்லால் செய்த நாதஸ்வரம் ஒன்று இருக்கிறது. நாங்கள் தினசரி வாசிப்பது ஆச்சா மரத்தில் கடைந்தது. புது மரம் உதவாது. பழைய காலத்து வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூணும் உத்தரமும்தான் உசத்தி. பல வருஷம் காய்ந்து இறுகின மரம் வெடிக்காது, வளையாது. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கடைகிறார்கள். அந்த நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. யாரோ நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த வீட்டு உத்தரம் இன்றைக்கு என் வாயில் தோடி பேசுகிறது. நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, சிலிர்ப்பாகவும் இருக்கிறது.

முன்னே புழக்கத்தில் இருந்தது திமிரி. குட்டையானது, நாலு, நாலரைக் கட்டை சுருதியில் கணீரென்று கேட்கும். ஆனால் சுத்த மத்தியமம் அதில் சரியாகப் பேசாது. உதட்டாலும் மூச்சாலும் சமாளிக்கணும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியைக் கொண்டு இந்தக் குறையைத் தீர்த்து, நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். ரெண்டு, ரெண்டரைக் கட்டையில் குழைவாகப் பேசுகிற வாத்தியம் அது. கிராப் வெட்டி, கோட்டு மாட்டி, கச்சேரி மேடையில் கம்பீரமாக உட்கார்ந்து, நாதஸ்வரக்காரனும் சங்கீத வித்வான்தான் என்று ஊருக்குப் புரியவைத்தவரும் அவர்தான். அவர் தோடியைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால் அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிடுவாள். ஒரு மணி நேரத்துக்கு யாரும் சாப்பிட வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வாத்தியம் பெரிசாக இருந்தாலும் உயிர் இருப்பது கட்டைவிரல் அளவுகூட இல்லாத சீவாளியில்தான். காவிரிக்கரையில் வளர்கிற கொறுக்கை என்ற நாணலை வெட்டி, காயவைத்து, வேகவைத்து, மறுபடியும் காயவைத்துப் பக்குவம் பண்ணுவார்கள். அதிலும் திருவாவடுதுறை சீவாளிக்குத் தனி மவுசு. எங்க வாத்தியத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதே, அதெல்லாம் அலங்காரம் இல்லீங்க, உபரி சீவாளி! ஒன்று மழைக்கு ஊறிப்போகும், ஒன்று வெயிலுக்கு இறுகிவிடும், ஒன்று நல்ல முகூர்த்த நேரம் பார்த்து வாயைப் பிளக்கும். ஆயுசு ரொம்பக் குறைச்சல்.

பக்கத்தில் உட்காருகிற தவிலுக்குப் பலாமரம். வலது கை விரல்களில் பசை தோய்த்த துணியைச் சுற்றிக் காயவைத்த கூடு, இடது கையில் கழி. வீணைக்கும் பலா, மிருதங்கத்துக்கும் பலா. பழத்தைச் சாப்பிட்டுவிட்டு மறந்துவிடுகிறோம், அந்த மரம் இல்லாவிட்டால் நம்ம சங்கீதத்தில் பாதி வாத்தியம் ஊமை.

ஸ்ரீரங்கத்து மௌலானா

தெய்வ சங்கீதம் இன்னாருக்குத்தான் சொந்தம் என்று யாராவது பேசினால் நான் ரெண்டு பேரைச் சொல்வேன். ஒருவர் ஷேக் சின்ன மௌலானா. 1924-ல் ஆந்திராவில் பிறந்து, தஞ்சாவூர் பாணியைத் தேடி வந்து நாச்சியார்கோவிலில் கற்று, ஸ்ரீரங்கத்தையே ஊராக்கிக்கொண்டவர். 1998-ல் அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தார்கள். மறு வருஷம் காலமானார். இன்னொருவர் பிஸ்மில்லா கான். காசியில் பாலாஜி கோயிலில் உட்கார்ந்து ஷெனாய் சாதகம் பண்ணினவர். 2001-ல் பாரத ரத்னா பெற்றார், 2006-ல் மறைந்தார். தொழுகையும் குறையவில்லை, வாசிப்பும் குறையவில்லை. ஷெனாயும் எங்க ஜாதிதான். அதுவும் நாணல் சீவாளியில் பேசுகிற வாத்தியம். உள்ளே போகிற மூச்சுக்கு என்ன மதம் என்று நாணல் கேட்பதில்லை.

உபயம்: மோட்டார்

இப்போது வயித்தெரிச்சலுக்கு வருகிறேன்.

சில வருஷம் முன்னே நான் வாசித்துக்கொண்டிருந்த ஒரு கோயிலில் ஒரு புண்ணியவான் கரண்ட் மேளம் வாங்கிக் கொடுத்தார். பார்த்திருப்பீங்க. ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் சுற்றும், ரெண்டு முரசு, ஒரு மணி, ஒரு ஜாலரா எல்லாம் ஒரே சமயத்தில் அலறும். டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துப் பேர் எழுதுகிற ஊராச்சே, முரசு மேலும் 'உபயம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். "தினம் ரெண்டு வேளையும் நீங்க சிரமப்பட வேண்டாம். விசேஷ நாளுக்குச் சொல்லியனுப்புறோம்" என்றார்கள். தினப்படி நின்றுபோனது. தவில்காரர் மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதப் போனார்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "தாத்தா... குருக்கள் உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாரு. கோயில்ல கரண்ட் போயிருச்சு!"

கோபத்தில் போகாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தீபாராதனை நேரம். சுவாமி என்ன தப்பு செய்தார்? போனேன். இருட்டில் ஒரே ஒரு சரவிளக்கு. பூர்விகல்யாணியை எடுத்தேன். ஐந்து நிமிஷம் போயிருக்கும். பிராகாரத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தூணோரம் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் உள்ளே என்னவோ செய்தது. மேல் ஷட்ஜத்தில் நிற்கிறேன்... கரண்ட் வந்துவிட்டது! யாரும் ஸ்விட்சை அணைக்கவில்லை போலிருக்கிறது. டமடம டமடம டணங் டணங்... அவ்வளவுதான். சீவாளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மோட்டாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வருமானமே இல்லாத சின்னக் கோயில்கள் எத்தனையோ. ஒருவேளைப் பூஜைக்கே எண்ணெய் கிடையாது, மேளத்துக்கு எங்கே போவார்கள்? அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மிஷினுக்கு விடிகாலையும் தெரியாது, பள்ளியறையும் தெரியாது. திருப்பள்ளியெழுச்சிக்கும் அதே டமடம, சுவாமியைத் தூங்கவைக்கவும் அதே டமடம. நீலாம்பரி கேட்டுத் தூங்கின சாமிங்க அது!

என்னிடம் எட்டு வருஷம் கற்ற ஒரு பையன் இன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நல்ல விரல். பொங்கலுக்கு வந்தால் வாத்தியத்தை எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி உறையில் வைத்துவிட்டுப் போகிறான். "வித்துடேண்டா" என்றேன் ஒருதடவை. "அது இருக்கட்டும் மாமா" என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் தெம்பு.

இப்போது ஒரு பெண் குழந்தை கற்க வருகிறது. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது?" என்று கேட்டவர்களிடம் ஷேக் மெஹபூப் சுபானி, காலீஷாபி மெஹபூப் தம்பதியைக் காட்டினேன். ஜோடியாக உட்கார்ந்து நாதஸ்வரம் வாசித்து 2020-ம் வருஷத்துப் பத்மஸ்ரீ வாங்கியவர்கள். கேள்வி நின்றுபோனது. குழந்தை இப்போதுதான் ஸரளி வரிசையில் இருக்கிறது. ஸ்வரத்தைவிடக் காற்றுதான் அதிகம் வருகிறது. வரட்டும், முதலில் மூச்சு வரணும்.

உங்களிடம் பெரிசாக ஒன்றும் கேட்கவில்லை. உங்க ஊர்க் கோயிலில் வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் மட்டுமாவது மோட்டாருக்கு லீவு விட முடியுமா என்று நாலு பேர் சேர்ந்து கேளுங்க. டியூப்லைட்டுக்குக் கொடுக்கிற உபயத்தில் ஒன்றை மேளத்துக்குக் கொடுங்க, பேரை வேணும்னா தவில் மேலேயே எழுதிக்கலாம்! வீட்டில் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு முன்னே ஒரு கால் மணி நேரம் வீடியோக்காரரையும் மைக்கையும் ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு ராகம் வாசிக்க விடுங்க. முடிந்ததும் கிட்டே வந்து, "நல்லா இருந்துச்சுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க ஆயுசு ஒரு வருஷம் கூடும்.

சீவாளி ஆயுசுதான் கூடாது. அதுக்கு நீங்களும் ஒண்ணும் பண்ண முடியாது, நானும் ஒண்ணும் பண்ண முடியாது!