ஏழு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஒரு மாலை நேரம். என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் தாயார் வீட்டுக்கு வந்து நின்றார். முன்பு எங்கள் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த குடும்பம். பட்டணத்துக்குப் போய் ஆறு ஆண்டுகளாக ஒரு தெரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். கையில் ஒரு கடிதம்.

"சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. ஏழு நாளையில வீட்டைக் காலி பண்ணணுமாம். இல்லேன்னா சாமானையெல்லாம் ரோட்டுல தூக்கி வெச்சிடுவாங்களாம். பெரியவனுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை" என்றார். கண் கலங்கிவிட்டது.

கடிதம் மலாய் மொழியில் டைப் செய்யப்பட்டிருந்தது. வீட்டுக்காரரின் கையெழுத்து. தேதி ஜூலை 12. அந்த அம்மாளோ பாத்திரம் பண்டங்களை அப்போதே பெட்டியில் கட்டத் தொடங்கிவிட்டாராம். "நோட்டீஸ் வந்திடுச்சே சார், இனி என்ன செய்ய முடியும்?"

நம்மவர்களில் பலருக்கு இந்தப் பயம் உண்டு. டைப் அடித்த காகிதம் என்றாலே அது கவர்மெண்டு உத்தரவு என்று எண்ணிவிடுகிறோம். எனவே இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்து கொள்வது நல்லது.

கடிதம் வேறு, கோர்ட்டு உத்தரவு வேறு

வீட்டுக்காரர் அனுப்பும் நோட்டீஸ், "நம் வாடகை உறவு இந்தத் தேதியோடு முடிகிறது" என்று சொல்லும் அறிவிப்பு. அவ்வளவுதான். வாடகைக்காலம் முறைப்படி முடிந்த பிறகும் குடியிருப்பவர் வெளியேறவில்லை என்றால், வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய்த்தான் வீட்டை மீட்க வேண்டும். வேறு வழியில் மீட்கக் கூடாது என்று, 1950ஆம் ஆண்டின் 'ஸ்பெசிபிக் ரிலீஃப் எக்ட்' என்ற சட்டத்தின் 7(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே, குடியிருக்கும் வீட்டின் பூட்டை மாற்றுவதும், சாமானைத் தெருவில் வைப்பதும், ஆட்களை அழைத்து வந்து மிரட்டுவதும் முறையல்ல. சம்மதமில்லாமல், சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர் வழக்குத் தொடுத்து இடத்தைத் திரும்பப் பெறவும் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு வழி செய்கிறது. அப்படி நடந்தால் உடனே போலீஸில் புகார் செய்துவிட்டு வக்கீலைப் பார்க்க வேண்டும்.

எத்தனை நாள் தவணை?

முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஓராண்டு, ஈராண்டு என்று காலம் குறித்திருந்தால், வாடகையை ஒழுங்காகக் கட்டி நிபந்தனைகளையும் மீறாதவரை, ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்தாலன்றி வீட்டுக்காரர் நடுவில் நிறுத்த முடியாது. நோட்டீஸ் எத்தனை நாளுக்கு, எந்த முறையில் அனுப்பப்பட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால், அது செல்லுமா என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு.

ஒப்பந்தக் காலம் முடிந்து, புதிதாக எழுதாமலே மாதாமாதம் வாடகை கட்டி வருகிறவர்களே நம்மில் அதிகம். எழுத்தே இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியேறியவர்களும் உண்டு. இவர்கள் மாத வாடகைக்காரர்கள். வேறு உடன்பாடு இல்லையென்றால், இவர்களுக்கு ஒரு முழு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதுவும் வாடகை மாதத்தின் கடைசியில் முடிய வேண்டும் என்பது பொதுவிதி.

அந்த அம்மாளின் கதையும் இதுதான். ஓராண்டு ஒப்பந்தம் முடிந்து ஐந்தாண்டுகள் ஆகிவிட்டன. வாடகை 600 வெள்ளி, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி கட்டுகிறார், பாக்கி இல்லை. ஜூலை 12ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தால், அது ஆகஸ்டு 31ஆம் தேதி முடிவதாக இருக்க வேண்டும். ஏழு நாள் என்பது கணக்கிலேயே சேராது.

இன்னொன்று. வக்கீல் மூலம் வரவில்லை என்பதற்காக நோட்டீஸ் செல்லாமல் போய்விடாது. வீட்டுக்காரர் தாமே எழுதலாம். தேதியும் தவணையும் சரியாக இருந்தால் போதும்.

செல்லும் நோட்டீஸை அலட்சியம் செய்யாதீர்

"கோர்ட்டுக்குப் போகட்டும், பார்க்கலாம்" என்று வீம்பாக இருப்பவர்களும் உண்டு. இது ஆபத்து. முறையான நோட்டீஸ் முடிந்த பின்னும் ஒருவர் வீட்டை விடாமலிருந்தால், விடும் நாள் வரை இரட்டிப்பு வாடகை கேட்க வீட்டுக்காரருக்கு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், 28(4) பிரிவு உரிமை தருகிறது. 600 வெள்ளி 1,200 வெள்ளியாகிவிடும். கோர்ட்டுச் செலவும் தலையில் விழலாம்.

வாடகை பாக்கி வைத்தவர்களுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 'டிஸ்ட்ரெஸ் எக்ட்' சட்டப்படி, வீட்டுக்காரர் கோர்ட்டில் வாரண்டு வாங்கி, 12 மாதம் வரையிலான பாக்கிக்காகச் சாமான்களை ஜப்தி செய்ய வைக்கலாம். ஆனால் அதைச் செய்வது கோர்ட்டு ஊழியர். வீட்டுக்காரர் தாமே டிவியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பழைய கடைவீடுகளில் வாழ்ந்த பெரியவர்கள், "வாடகைக் கட்டுப்பாடு இருக்கிறது, யாரும் நம்மைக் கிளப்ப முடியாது" என்று இன்னும் சொல்லக் கேட்கிறேன். 1948 ஜனவரி 31ஆம் தேதிக்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருந்தது உண்மை. 1997இல் அது ரத்தாகி, 1999 இறுதியோடு இடைக்காலச் சலுகையும் முடிந்துவிட்டது.

வீடு கைமாறினால்

மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. ஆனால் நிலப் பத்திரத்தில் குறிப்பு ஏற்றாத அத்தகைய வாடகை, வீட்டை வாங்கும் புதிய சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தாது என்று தேசிய நிலச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. வீடு விற்பனைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள்.

தோட்டத்து லய வீடு வேலையோடு சேர்ந்து வந்த வீடு; அதன் கணக்கு வேறு. இங்கே சொன்னதை அப்படியே அதற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. தொழிற்சங்கத்தையோ வக்கீலையோ கலந்துகொள்வதே நல்லது.

பிறகு நடந்தது

மறுநாள் நானும் அந்த அம்மாளும் வாடகை ரசீதுகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். சண்டைக்குப் போகவில்லை. அவர் வேலை ஓய்வு பெற்ற ஒரு முதியவர். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மருமகளைக் கொண்டு வர வீடு தேவை. யாரோ சொன்னபடி கடிதம் எழுதிவிட்டாராம். "ஏழு நாள்ன்னு எழுதினாத்தான் பயந்து போவாங்கன்னு சொன்னாங்க வாத்தியாரே" என்று தலையைச் சொறிந்தார்.

தவணைக் கணக்கைச் சொன்னேன். பையனின் பரீட்சையைப் பற்றி அந்த அம்மாளே சொன்னார். கல்யாணம் தை மாதம்தான் என்பதால், டிசம்பர் இறுதியில் காலி செய்வதென்று முடிவாயிற்று. அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சொன்ன தேதியில் வீடு காலியாயிற்று. இரண்டு மாத டெபாசிட்டும் திரும்பக் கிடைத்தது.

நோட்டீஸ் செல்லாது என்பதால் அந்த வீடு அவர்களுக்குச் சொந்தமாகிவிடவில்லை. கிடைத்தது அவகாசம்தான். வேறு வீடு தேடவும், பையன் நிம்மதியாகப் படிக்கவும் அந்த அவகாசமே போதுமானதாக இருந்தது.

ஆகவே அன்பர்களே, ரசீதுகளையும் வங்கியில் பணம் கட்டிய சான்றுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி வையுங்கள். கட்டாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சான்றாகக் காட்டுவது சிரமம். கடிதம் வந்தால் பெட்டி கட்டுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.