கடல் கடந்து நோய் காணச் செல்லும் மாணவர்

வீட்டிலே குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் நமது தாய்மார் முதலில் தேடுவது 'ஜீவனி' பக்கெற்றையே. கொதித்தாறிய நீரில் அதனைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்குகின்றோம், குழந்தையும் தேறிவிடுகின்றது. அச்சிறு பொட்டலத்தின் பின்னே, தம் நாட்டை விட்டு வந்து அந்நிய நகரொன்றின் கொலரா வாட்டிலே இரவெல்லாம் கண்விழித்திருந்த இளைஞர் சிலரின் உழைப்பு உண்டென்பதை நம்மிற் பலர் அறியார். அயனமண்டல மருத்துவத்திலும் பொதுச் சுகாதாரத்திலும் வெளிநாடு சென்று பயிற்சி பெற விரும்பும் மாணவருக்கு அக்கதையைச் சொல்லவேண்டுமென்பது நமது நெடுநாளைய எண்ணம்.

மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலே, படிப்பின் பிற்பகுதியிற் சில வாரங்களை மாணவன் தான் விரும்பிய துறையில், தான் விரும்பிய நாட்டிற் கழிக்கலாம். ஐரோப்பிய மாணவரும் அமெரிக்க மாணவரும் ஆபிரிக்காவையும் தென்னாசியாவையும் நாடுவதற்குக் காரணம் வெளிப்படை. பாடநூலிற் படித்த நோயைக் கண்ணாற் காணும் ஆவல் யாருக்குத்தான் இல்லை? 1898இல் லிவர்பூலிலும் 1899இல் லண்டனிலும் அயனமண்டல மருத்துவக் கல்லூரிகள் தோன்றிய காலத்தில், அந்நோய்கள் அங்கே கப்பலேறி வந்த மாலுமிகளிடமே பெரும்பாலும் காணக் கிடைத்தன. இன்று நமது மாணவரின் நிலையும் ஒரு விதத்தில் அதுவே. 1934-35இல் சுமார் 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட மலேரியா இந்நாட்டிலிருந்து ஒழிந்துவிட்டதென 2016இல் உலக சுகாதார தாபனம் சான்று வழங்கியது. மலேரியாக் காய்ச்சலைத் தன் ஊர் வாட்டிற் காணாமலே ஒருவன் டொக்டராகிவிடலாம். இதனைக் குறையென்று சொல்வாருமுண்டோ!

கொலராவைக் காண விரும்புவோன் டாக்காவுக்குச் செல்கின்றான். 1960இல் அங்கே நிறுவப்பட்ட கொலரா ஆராய்ச்சிக்கூடமே 1978இல் வயிற்றோட்ட நோய்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையமாயிற்று. நகரின் மொகாக்காலிப் பகுதியில் உள்ள அதன் ஆஸ்பத்திரியை ஊர்மக்கள் இன்றும் கொலரா ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர். ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெறுகின்றனர். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் நோய் பெருகும்போது இடம் போதாமல் வெளியே கூடாரம் அடிப்பதுமுண்டு. அங்குள்ள கட்டில்கள் விசித்திரமானவை. நடுவிலே ஒரு துவாரம். கீழே ஒரு வாளி. நோயாளியின் உடலிலிருந்து எவ்வளவு நீர் போயிற்றென்பதை அந்த வாளி காட்டும். நவீன இயந்திரம் எதனையும் எதிர்பார்த்துச் செல்லும் மாணவன் முதலிற் சற்று ஏமாற்றமடையக்கூடும்.

ஆனால் 1968இல் வரலாற்றை மாற்றியது அந்த வாளியே. டேவிட் நாலின், றிச்சட் காஷ் என்னும் இரு அமெரிக்கர் அப்போது டாக்காவிற் பணியாற்றினர். பட்டம் பெற்றவர்களாயினும் முப்பது வயது நிரம்பாதவர்கள். பயிற்சி முற்றுப் பெறாதவர்கள். கொலரா நோயாளிக்கு நாளம் வழியே சேலைன் ஏற்றுவதே அந்நாளைய சிகிச்சை. கிராமத்தில் அதற்கு வேண்டிய போத்தலுமில்லை, ஊசியுமில்லை. வாய் வழியே கொடுத்தால் என்ன? 1962இல் மணிலாவில் அவ்வாறு செய்து பார்த்தபோது நோயாளர் சிலர் இறந்திருந்தனர். 1967இல் சிட்டகொங் பிரதேசத்தில் நடந்த முயற்சியும் பயன் தரவில்லை. அதனைப் பார்த்திருந்த நாலினுக்கு ஓர் உண்மை புலப்பட்டது: பிழை கரைசலில் இல்லை, அளவிலே இருந்தது. வெளியே போன நீருக்குச் சமமாக உள்ளே நீர் செல்லவில்லை.

எனவே அவர்கள் ஒவ்வொரு நோயாளியின் இழப்பையும் விடாது அளந்தனர். இழந்த அளவுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகச் செய்தனர். அளவு தவறிவிடுமோ என்ற அச்சத்தால் இரவிலும் தாமே காவலிருந்தனர். கொலரா தாக்கிய குடலிலும் குளுக்கோசும் சோடியமும் கைகோத்து உட்புகும் வழி கெடாதிருக்கும். அவற்றின் பின்னால் நீரும் செல்லும். 29 நோயாளரிடம் செய்த அந்தச் சோதனையின் முடிவில், சேலைனின் தேவை ஐந்திலொரு பங்காகக் குறைந்துவிட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியான கட்டுரையில் றபீக்குல் இஸ்லாம், மஜீத் மொல்லா என்னும் வங்காள வைத்தியர் இருவரின் பெயர்களும் உண்டு. கதை சொல்வோர் இவ்விரு பெயர்களையும் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1953இலேயே கல்கத்தா வைத்தியர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 நோயாளருக்கு வாய் வழியே நீர் கொடுத்துக் குணப்படுத்தி, அதே சஞ்சிகையில் எழுதியிருந்தார். அளவுக் கணக்குகள் போதாவென்று உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. கல்கத்தாவிலிருந்து எழுந்த குரல் என்பதும் ஒரு காரணமோ என்னும் ஐயம் நமக்குண்டு. 1971இல் பொங்காவுன் அகதி முகாமிலே சேலைன் தீர்ந்துபோக, திலீப் மகலானபிஸ் உப்பையும் குளுக்கோசையும் பொட்டலங்கட்டி அகதிகளின் உறவினர் கையிலே கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த மரணம் நான்கிலும் குறைந்தது. அதன் பின்னரே உலகம் நம்பிற்று.

வைத்தியத்தோடு காரியம் முடியவில்லை. 1980 முதற் பத்தாண்டுகள் 'பிராக்' என்னும் வங்கதேச நிறுவனம் வீடுவீடாகப் பெண்களை அனுப்பி, ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் நீரிற் கரைக்கத் தாய்மாருக்குக் கற்பித்தது. ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகள்! கற்பித்தவளின் ஊதியம், பின்னர் வேறொருவர் சென்று கேட்கும்போது தாய்மாருக்குப் பாடம் எவ்வளவு நினைவிலிருக்கின்றது என்பதைப் பொறுத்திருந்தது. நமது பல்கலைக்கழகங்களில் இம்முறையைப் புகுத்தினால் யாது நிகழுமென நாம் இங்கே ஆராயப் போவதில்லை.

இனி, சற்றுக் கசப்பான விஷயமொன்று. தன் ஊரிலே ஒருவன் வெறும் மாணவன். விமானத்தை விட்டு ஏழைநாடொன்றில் இறங்கி வெள்ளைக் கோட்டு அணிந்ததும் அவனை டொக்டர் என்கின்றனர். அங்கே ஆட்பலம் குறைவு. நோயாளியோ கேள்வி கேட்டுப் பழகாதவர். காயம் தைக்கவும், பிரசவம் பார்க்கவும், முதுகெலும்பிலே ஊசி செலுத்தவும் வாய்ப்புத் தானே தேடி வருகின்றது. "பிள்ளை அங்கே தனியாகவே எல்லாம் செய்தானாம்" என்று பெருமை கொள்ளும் பெற்றோரை நாம் கண்டதுண்டு. அந்த நோயாளியும் யாரோ பெற்ற பிள்ளை என்பதை அவர்கள் அவ்வேளை எண்ணுவதில்லை. தன் நாட்டில் தனியே செய்ய அனுமதியில்லாத எதனையும் பிறநாட்டிலும் செய்யலாகாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லையென்பதே நமது அபிப்பிராயம். 2010இல் இத்தகைய பயிற்சிகளுக்கென அறிஞர் குழுவொன்று வெளியிட்ட ஒழுக்க நெறிகளும், மாணவனை ஏற்கும் நாட்டின் நன்மையை முன்வைத்து, தன் தகுதிக்கு மேற்பட்டதை அவன் செய்யலாகாதென்றே வற்புறுத்துகின்றன.

அன்றியும், மாணவன் ஒருவனுக்குக் கற்பிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அங்குள்ள வைத்தியர் தம் நோயாளருக்குச் செலவிடக்கூடிய மணித்தியாலமே. அதற்குக் கைம்மாறு என்ன? டாக்கா மாணவன் மேல்நாடு செல்ல விரும்பினால், விசா, காப்புறுதி, கட்டணம் ஆகிய மூன்று மதில்களையும் தாண்டவேண்டும். தாண்டினாலும் பெரும்பாலும் வாட்டின் ஓரத்தில் நின்று பார்க்கவே அனுமதி. இரு வழிப் பாதையாக இருக்கவேண்டியது ஒரு வழிப் பாதையாகவே இருக்கின்றது.

நமது மாணவர் போகக்கூடாதென்பது நம் கருத்தன்று. போவதற்கு முன் கடிதமெழுதி, தாம் எவரின் கீழ்ப் பணியாற்றுவோம், அவர் தினமும் வாட்டில் இருப்பாரா என்பதைக் கேட்டறிய வேண்டும். தெளிவான மறுமொழி வராவிடின் வேறிடம் தேடுவதே உத்தமம். வாட்டைப் பார்த்த பின் மத்லப் கிராமப்பகுதிக்கும் செல்ல முயலலாம். டாக்காவிலிருந்து சுமார் 55 கிலோமீற்றர் தூரம். 1966 முதல் அங்கே பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு யாவும் வீடுவீடாகப் பதியப்படுகின்றன. அப்பதிவைச் செய்யும் பெண்களோடு ஒரு நாள் நடந்தால், பொதுச் சுகாதாரம் என்பதன் பொருள் நூலகத்திலே ஒரு மாதம் இருந்ததிலும் தெளிவாக விளங்கும்.

மொழியும் சிறிது பயில வேண்டும். சில வாரங்களுக்குள் வங்காளம் பேசுதல் இயலாதாயினும், 'பானி' என்ற சொல்லை அறிந்திருத்தல் அவசியம். நீர் என்பது பொருள். கொலரா வாட்டிலே கட்டிலுக்குக் கட்டில் கேட்கக்கூடிய சொல் அதுவே.